பச்சை ஸ்வெட்டரைப் பிரித்த கதை

செங்கல்பட்டுல உக்காந்துகினு ஸ்வெட்டர் பின்றவ நான் ஒருத்திதான்னு எங்க தெருவுல பேச்சு. பேசட்டும், எனக்கு இன்னா. சித்திரை மாசம் ஃபேன் காத்தே நெருப்பா வீசும், அப்பவும் நான் மடியில உல்லன் நூலை வெச்சுகினு ஊசியைத் தட்டிகினு இருப்பேன். பாக்கறவங்களுக்குத்தான் வேர்த்து ஊத்தும். எதிர் வூட்டு அக்கா ஒரு நாள் பொறுக்க மாட்டாம, "ஏம்மா, உன்னப் பாத்தா எனக்கு மயக்கமா வருது, உள்ள போயாவது பின்னு"ன்னாங்க. "மயக்கம் வந்தா நீ உள்ள போய்ப் படு, நான் இங்கியேதான் பின்னுவேன்"னுட்டேன். நம்ம வாய் அப்பிடி. அன்னிக்கு சாயங்காலம் அவங்களுக்கே கருவாட்டுக் குழம்பு குடுத்து அனுப்பிச்சேன்.

நான் வேலை செய்றது மாமல்லபுரத்துல, கடலோரமா இருக்கற ஒரு ஓட்டல்ல. ரூம் சுத்தம் பண்ற பொம்பளைங்களுக்கு சூப்பர்வைசர். வெள்ளைக்கார அம்மா ஒருத்தங்க அங்க ரொம்ப நாள் தங்கி இருந்தாங்க. எந்நேரமும் நீச்சல் குளத்தாண்ட குந்திகினு எதையோ பின்னிகினே இருப்பாங்க. எனக்கு அந்தக் கையைப் பாத்துகினே இருக்கணும் போல இருக்கும். அவங்க ஊருக்குப் போன பிறகு அலமாரியில ஒரு பை கிடந்துச்சு. உள்ள ரெண்டு ஊசி, நூல் உருண்டைங்க, பாதியில நின்ன ஒரு துணி. ஓட்டல் பழக்கப்படி எடுத்து வெச்சோம், மெயில் போட்டோம், மாசக்கணக்கா ஆயும் யாரும் கேக்கல. கடைசியில மேனேஜரு, "இத்த நீயே எடுத்துகினு போம்மா, இங்க இடத்த அடைச்சிகினு கீது"ன்னுட்டாரு.

கத்துக்குடுக்க ஆளு? போன்தான். வீடியோவுல பேசின பாஷை ஒண்ணும் புரியல, கை மட்டும் புரிஞ்சுது. மொத மொதல்ல ஒரு சாக்ஸ் போட்டேன். யானைக்குத்தான் ஆவும். ரெண்டாவது சாக்ஸுக்கு வாய் இவ்ளோண்டு, உள்ள வயிறு பெருசு, சுருக்குப் பை மாதிரி வந்துச்சு. எங்க வூட்டுக்காரரு அதுல வெத்தலை பாக்கு போட்டு வெச்சுக்கலாம்னாரு. நான் முறைச்ச முறைப்புல வாயை மூடிகினு எழுந்து போனாரு.

நூல் வாங்கப் போனா அது ஒரு கூத்து. நம்ம ஊரு ஃபேன்ஸி ஸ்டோர்ல உல்லன் நூல் இல்லாம இல்ல, ஆனா அது வாசப்படிக்குத் தோரணம் பின்றதுக்கு. கடைக்கார பாய், "தோரணத்துக்கா மேடம்?"னு கேப்பாரு. "ஸ்வெட்டருக்கு"ன்னு சொன்னா என்னையும் வெளிய அடிக்கற வெயிலையும் மாத்தி மாத்திப் பாப்பாரு. வேர்க்கற கையில நூல் ஊசியோட ஒட்டிகினு நகராது. அதுக்கு நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். குழந்தைக்குப் போடற பவுடரை ரெண்டு கையிலயும் தட்டிகினா நூல் வழுக்கிகினு ஓடும். பஸ்ஸுல போவும்போது பையிலேர்ந்து பவுடர் டப்பாவை எடுத்தேன்னா, "அக்கா மேக்கப் ஆரம்பிச்சுட்டாங்க"ன்னு கண்டக்டர் தம்பி குரல் குடுக்கும். திருக்கழுக்குன்றம் தாண்டறதுக்குள்ள பத்து வரிசை முடிஞ்சிடும்.

அப்பிடிப் பின்னதுதான் அந்தப் பச்சை ஸ்வெட்டரு. எங்க வூட்டுக்காரரு கம்பெனி பஸ் ஓட்டறாரு. இருட்டு பிரியறதுக்குள்ள வண்டியை எடுத்துகினு கருங்குழிப் பக்கமெல்லாம் சுத்தி, ஷிஃப்டுக்குப் போற பசங்களை ஏத்திகினு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் இருக்கற ஃபேக்டரிங்கள்ல கொண்டு போய் வுடணும். மார்கழியில அந்த நேரத்துக்கு நம்ம ஊருலயும் கொஞ்சம் குளிரும், இல்லன்னு சொன்னா அது பொய். அவருக்குன்னு கிளிப் பச்சையில ஒரு ஸ்வெட்டரு போட்டேன். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பஸ்ஸுல வர்ற பசங்க எல்லாம் அவருக்குக் கிளின்னே பேரு வெச்சுட்டானுங்க. மனுஷன் அசரணுமே! நீளமான கையை மடிச்சு வுட்டுகினு வருஷா வருஷம் அதையேதான் போட்டாரு. எங்க பெரிய பையன், "நைனா, வாணாம், மானம் போவுது"ன்னான். "உங்கம்மா கையால போட்டதுடா"ன்னு சொல்லிட்டு ஸ்டியரிங்கைப் புடிச்சாரு. இந்த மாதிரி ஒரு ஆளைக் கட்டிகினதுக்கு நான் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லாத நாள் இல்ல. அவரு கிட்ட மட்டும் சொல்ல மாட்டேன், தலைக்கு ஏறிடும்.

என் பின்னலைக் கிண்டல் பண்றதுல எல்லாருக்கும் மேல ஒருத்தி உண்டு. எங்க வூட்டுக்காரரோட தங்கச்சி, என் நாத்தனா. அடுத்த தெருவுலதான் வூடு. நான் கல்யாணமாயி வந்தப்போ அவ பள்ளிக்கூடம் போய்கினு இருந்தா. அவளுக்கு ரெட்டை ஜடை போட்டு வுட்டவ நான். இன்னிக்கு அவ அந்த ஃபேக்டரிங்கள்ல ஒண்ணுல போன் சார்ஜர் செய்ற லைன்ல லீடரு. அண்ணன் ஓட்டற பஸ்லயேதான் போவா. நாங்க ரெண்டு பேரும் பேசறதைக் கேட்டா வெளி ஆளுங்க சண்டைன்னு நெனைப்பாங்க. "இன்னா அண்ணி, ஊட்டிக்கு எப்போ குடி போறீங்க?"ன்னு வாசல்லயே ஆரம்பிப்பா. "உன்ன அங்க வித்துட்டு வரத்தான்டி போறேன்"னு நான் சொல்லுவேன். அதுக்கப்புறம்தான் காபி.

இப்பிடி வாயாடற பொண்ணு ஒரு விஷயத்துல மட்டும் வாயே தொறக்க மாட்டா.

அவளுக்கு மொதல்ல ஒரு புள்ள பொறந்துச்சு. ஆம்பளப் புள்ள. மாசம் எல்லாம் நெறஞ்சுதான் பொறந்துச்சு. ஆனா அழல. வெளிய நாங்க எல்லாம் காதைத் தீட்டிகினு நின்னோம், அந்த அழுகைச் சத்தம் வரவே இல்ல. கடையில போய் யாருக்கும் தெரியாம குட்டிக் குட்டிச் சட்டையா ஒரு பை நெறைய வாங்கி வெச்சிருந்தா அவ. எனக்கு மட்டும் காட்டினா. மஞ்சள்ல ஒண்ணு, வாத்து போட்டது ஒண்ணு. எங்க சனத்துல பொறக்கறதுக்கு முன்னாடி புதுத்துணி எடுக்க மாட்டாங்க. பொறந்த புள்ளைக்கு மொதல்ல பழந்துணிதான். அதுவும் நல்லா வாழ்ந்து, புள்ளைங்க நோய் நொடி இல்லாம வளந்த வூட்லேர்ந்து கேட்டு வாங்கினதா இருக்கணும். புதுசு எல்லாம் பொறவுதான். ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற ஆளுங்கதான் நாங்க, இருந்தாலும் இந்த ஒரு விஷயத்துல யாரும் வெளையாட மாட்டோம்.

அந்தப் பை விஷயம் எப்பிடியோ வெளிய தெரிஞ்சு போச்சு. சாவுக்கு வந்ததுங்களே, அச்சரப்பாக்கத்துலேர்ந்து எங்க சொந்தம் ரெண்டு மூணு, அதுங்க வாய் சும்மா இருக்குமா? "முன்னாடியே துணி எடுத்தா இப்பிடித்தான் ஆவும்"னு அவ காதுல வுழற மாதிரி பேசிச்சுங்க. பால் கட்டிகினு நெஞ்சு வலியில படுத்திருக்கற பொண்ணு காதுல! எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "எழுந்து போங்கடி மொதல்ல"ன்னு காபி டம்ளரைப் புடுங்கி வெச்சுகினு அனுப்பிச்சேன். அதுங்க இன்னி வரைக்கும் எங்கூடப் பேசறது இல்ல. நல்லதாப் போச்சு. ஆனா சொன்ன சொல்லு அவ மனசுல போய் உக்காந்துடுச்சு. அவ வூட்டுக்காரரு அந்தப் பையை சர்ச்சுல குடுத்துட்டாரு. புள்ளைக்குப் பேரு வெக்கல. அவனைப் பத்தி அவளும் பேச மாட்டா, நாங்களும் பேச மாட்டோம்.

அஞ்சாறு வருஷம் போச்சு. போன வருஷம் மறுபடியும் அவளுக்கு நாள் தள்ளிப் போச்சு. எங்கிட்டதான் மொதல்ல சொன்னா, அதுவும் சமையல்கட்டுக் கதவைச் சாத்திட்டு. நான் சந்தோஷத்துல கட்டிப் புடிச்சுகினு கத்தப் போனேன், அவ என் வாயைப் பொத்தினா. "அண்ணி, எதுவும் பேசாத. பேரு பேசாத, துணி பேசாத, ஆம்பளையா பொம்பளையான்னு பேசாத. ஒண்ணுமே நடக்காத மாதிரி இருங்க எல்லாரும். என்னால இன்னொரு பையைப் பாக்க முடியாது"ன்னா. சரிடின்னு தலையை ஆட்டினேன்.

தலையை ஆட்டிட்டேன், கை கேக்கணுமே. எங்கயாவது ஒரு பொண்ணு மாசமா கீறான்னு கேள்விப்பட்டாலே எனக்கு உள்ளங்கை துறுதுறுன்னும். ஓட்டல்ல கூட வேலை செய்ற பொண்ணுங்க புள்ளைங்களுக்கு எல்லாம் தொப்பியும் சாக்ஸும் போட்டுக் குடுத்தவ நான். என் ரெட்டை ஜடைக்காரி புள்ளைக்குப் போடாம இருக்கறதா? ஒரு வாரம் பல்லைக் கடிச்சுகினு இருந்தேன். அப்புறம் எனக்கே ஒரு யோசனை வந்துச்சு. முடிச்சாத்தானே அது துணி? முடிக்காம வுட்டா அது வெறும் நூல்தானே?

அவ்ளோதான், ஆரம்பிச்சுட்டேன். நான் போடற குழந்தை சாக்ஸு மொதல்ல தட்டையாத்தான் வரும். அதை மடிச்சு அடியிலயும் பின்னாடியும் தைச்சாத்தான் காலு நுழையும். தைக்காம அப்பிடியே வுட்டேன். தொப்பிக்கு உச்சியைச் சேத்துக் கட்டாம வுட்டேன். குட்டி ஸ்வெட்டருக்கு ரெண்டு கையும் தனித்தனியாக் கிடந்துச்சு, கடைசி வரிசைக் கண்ணிங்க அவுந்துடாம ஊக்குல கோத்து வெச்சேன். ஆண்டவர் வந்து கேட்டாலும் "இது துணி இல்ல சாமி, நூல்தான்"னு சொல்லிடலாம். அந்த தைரியத்துல சந்தன கலர்ல ஒண்ணு, ரோஸ்ல ஒண்ணு, நீலத்துல ஒண்ணுன்னு போட்டுத் தள்ளினேன். எல்லாத்தையும் பெரோவுல சர்ச்சுக்குக் கட்டற புடவைங்களுக்கு அடியில ஒளிச்சு வெச்சேன். எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். "மாட்டிக்கப் போற"ன்னாரு. "நீ வாயத் தொறக்காம இருந்தா நான் ஏன் மாட்டிக்கறேன்"னேன்.

மாட்டிகினேன். ஆறாம் மாசம் அவளுக்கு. ஃபேக்டரியில ஏதோ விழா, என் பட்டுப் புடவையைக் கட்டிகினு போறேன்னு வந்தா. நான் அடுப்பாண்ட நின்னுகினு, "பெரோ தொறந்துதான் கீது, எடுத்துக்கோ"ன்னு சொல்லிட்டேன். சொன்ன வாய் மூடறதுக்குள்ள ஒளிச்சு வெச்சது ஞாபகம் வந்துச்சு. ஓடினேன். புடவை கீழ கிடக்குது. அவ கட்டில்ல உக்காந்துகினு கீறா, கையில ரோஸ் கலர்ல ஒரு குட்டிக் கை, என் விரல் நீளம்தான் இருக்கும்.

"சொன்னேன் இல்ல அண்ணி"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. கத்தி இருந்தா நானும் கத்தி இருப்பேன், அது எனக்குப் பழக்கம்.

"இல்லடி, முடிக்கல பாரு. எதையும் முடிக்கல. எல்லாம் தொறந்தே கீது, தைக்கவே இல்ல. பாரேன்"னு ஊக்கை எல்லாம் காட்டிகினு நான் உளர்றேன். அவ பாக்கல. அந்தக் கையைப் புடவை மேல வெச்சுட்டு எழுந்துட்டா. "அது எனக்குத் தெரியுமே அண்ணி, உனக்கு ஆசைன்னு. எனக்கு ஆசை இல்லியா? நான் அடக்கிகினு கீறன் இல்ல?"ன்னு கேட்டுட்டுப் போய்ட்டா. புடவையும் எடுத்துகினு போவல.

அதுக்கப்புறம் அவ எங்க வூட்டுப் பக்கம் வரல. அண்ணன் பஸ்ல போறா, வர்றா, அண்ணங்கிட்டப் பேசறா. என் வாசப்படி மிதிக்கல. நான் மீன் குழம்பு குடுத்து அனுப்பிச்சா ஏனம் கழுவித் திரும்பி வரும், ஒரு வார்த்தை வராது. எனக்கு சோறு எறங்கல. அதைவிட மோசமா ஒரு பயம் புடிச்சு ஆட்டுச்சு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? அவ வாயத் தொறந்து சொல்ல மாட்டா, ஆனா நெனைப்பா. நானே நெனைப்பேனே! ஒரு நாள் பஸ்ஸுல கண்டக்டர் தம்பி, "இன்னாக்கா, ஊசியக் காணோம்?"னு கேட்டுச்சு. "உன் வேலையப் பாரு"ன்னு வுழுந்தேன். பாவம் அந்தப் புள்ள. அன்னிக்கு வூட்டுக்கு வந்து பின்னி வெச்ச எல்லாத்தையும் உருவித் திரும்பவும் உருண்டையாச் சுத்திட்டேன். ஊசியைத் தூக்கிப் பரண் மேல போட்டேன். எங்க வூட்டுக்காரரு பாத்துகினே இருந்தாரு. எனக்குப் புடிக்கும்னு போய் ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கிகினு வந்து பக்கத்துல வெச்சாரு.

எட்டாம் மாசம் பொறந்து ஒரு ஞாயித்துக்கிழமை. சர்ச்சு முடிஞ்சு வந்து அவரு சாப்ட்டுகினு இருந்தாரு. நான் உள்ள எறா வறுத்துகினு இருந்தேன். வாசல்ல செருப்பு சத்தம். அவதான். மூச்சு வாங்குது. என்னப் பாக்கல, நேரா அண்ணன் எதிர்ல போய் நின்னா.

"அண்ணாத்த, அந்தப் பச்சை ஸ்வெட்டர் எங்க?"

"பெரோல கீது. எதுக்கு பாப்பா?"

"அது பழசுதான?"

"பழசா? எத்தினி மார்கழி பாத்துடுச்சு அது. முழங்கையில ஓட்டையே வுழுந்துடுச்சு"ன்னாரு அவரு, வாய் நெறைய சோத்தோட.

அவ இப்பதான் என் பக்கம் திரும்பினா. "பழைய துணின்னா, பழைய நூலும் பழசுதான அண்ணி? நல்லா வாழ்ந்த ஆளு போட்டதுதான இது? ரெண்டு புள்ள நல்லா வளந்த வூடுதான இது?"

நான் கரண்டியோட நிக்கறேன். எனக்கு மண்டையில ஏறவே கொஞ்ச நேரம் ஆச்சு.

"பிரி அண்ணி"ன்னா. "அதைப் பிரிச்சு சாக்ஸு போடு. அது புதுசு ஆவாது."

"ஏய், அது என் ஸ்வெட்டரு! மார்கழிக்கு நான் இன்னா பண்றது?"ன்னு அவரு ஆரம்பிச்சாரு. ஆரம்பிச்சவரு தங்கச்சி மூஞ்சைப் பாத்தாரு. அப்பிடியே கையைக் கழுவிட்டு எழுந்து போய் அவரே பெரோவைத் தொறந்து எடுத்துகினு வந்தாரு. கத்திரிக்கோலையும் கொண்டாந்தாரு. கொண்டாந்த மனுஷன் சும்மா இருந்தாரா? எங்கியோ நடுவுல ஒரு வெட்டு வெட்டிட்டாரு. "யோவ், அங்க வெட்டினா நூல் துண்டு துண்டா வருமே! குடு இங்க!"ன்னு நான் போட்ட சத்தத்துல எதிர் வூட்டு அக்கா எட்டிப் பாத்தாங்க. நான் அழுதுகினேதான் கத்தினேன். எறா தீஞ்சு போச்சு, யாரும் அதைப் பத்திக் கவலைப்படல.

அன்னிக்கு மத்தியானம் பூரா பிரிச்சோம். அவ நாற்காலியில சாஞ்சுகினு ரெண்டு கையையும் நீட்டிகினா, நான் நூலை உருவி உருவி அவ கையில சுத்தினேன். பிரிச்ச நூல் சேமியா மாதிரி வளைஞ்சு வளைஞ்சு வரும். அதை ஷாம்பு தண்ணியில அலசி, அடியில தண்ணி ரொப்பின பாட்டில் ஒண்ணைக் கட்டித் தொங்க வுட்டா நேராயிடும். அதை எல்லாம் நான் அவளுக்கு சொல்லிகினே சுத்தினேன். அவ கேட்டுகினே இருந்தவ, "அண்ணி, உதைக்குது"ன்னா. இந்த எட்டு மாசத்துல வயித்துல இருக்கறதைப் பத்தி அவ வாயால வந்த மொத வார்த்தை அது. நான் நூலை வுட்டுட்டு வயித்து மேல கையை வெச்சேன். குத்துச்சு பாருங்க ஒரு குத்து! "அம்மாடி, உன்ன மாதிரியே ரவுடிடி"ன்னேன். அவ சிரிச்சா. "காலு பெருசா இருக்கும் போல, நூல் பத்துமா?"ன்னு கேட்டா. எங்க வூட்டுக்காரரு பனியனோட அந்தப் பக்கம் நின்னுகினு, "பத்தலன்னா என் லுங்கியையும் பிரிங்க"ன்னாரு.

பரண் மேலேர்ந்து ஊசியை எறக்கி சாக்ஸு, தொப்பி ரெண்டும் போட்டேன். பழைய நூல்தான், ஆனாலும் தைக்கல. வம்பு எதுக்கு.

வலி வந்தது ஒரு காலை நேரத்துல. ஆஸ்பத்திரி வராண்டாவுல நாங்க நின்னோம். அவ வூட்டுக்காரரு சுவத்தைப் பாத்துகினு நிக்கறாரு, எங்க வூட்டுக்காரரு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கறாரு. நான் கைப்பையை நெஞ்சோட இறுக்கிகினு பெஞ்சியில குந்தி இருந்தேன். ஜெபம் பண்ணலாம்னு கண்ணை மூடினா வார்த்தை வரல. "அழ வை ஆண்டவரே, அழ வை"ன்னு அதையேதான் திரும்பத் திரும்ப சொன்னேன். கதவு தொறக்கும், மூடும். யாரோ வருவாங்க, போவாங்க. ட்ராலி உருளும். ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு.

அப்புறம் வந்துச்சு பாருங்க அந்தச் சத்தம். அழுகையா அது? சண்டை! வராண்டாவே அதிர்ற மாதிரி! அவ வூட்டுக்காரரு சுவத்துலயே சாஞ்சு கீழ உக்காந்துட்டாரு. நர்ஸம்மா எட்டிப் பாத்து, "பொண்ணு. நல்லாக் கீது. பழந்துணி குடுங்க. உள்ள ஏசி, தொப்பி சாக்ஸு இருந்தா அதுவும் குடுங்க"ன்னாங்க. எங்க வூட்டுக்காரரோட பழைய வேட்டியைத் தொவைச்சுக் கிழிச்சு வெச்சிருந்தேன், அதைக் குடுத்தேன். "சாக்ஸு அஞ்சே நிமிஷம் சிஸ்டர்"னேன். "அஞ்சு நிமிஷமா? எங்க போய் வாங்கப் போறீங்க?"ன்னு அவங்க கேக்கறாங்க. நான் பையைத் தொறந்து தைக்கற ஊசியை எடுத்துட்டேன். ஊசிக் காதுல நூல் ஏற மாட்டேங்குது. எங்க வூட்டுக்காரரு வாங்கி எச்சி தொட்டு ஒரே தடவையில கோத்துக் குடுத்தாரு. தைச்சேன். கோணலாத்தான் வந்துச்சு, வரட்டும். அந்தப் பொண்ணு அங்க கத்திகினே இருந்துச்சு, எனக்கு அதைவிட நல்ல பாட்டு ஏது.

மத்தியானத்துக்கு மேல எங்களை உள்ள வுட்டாங்க. அவ சோந்து போய்ப் படுத்திருந்தா, உதடெல்லாம் காஞ்சு இருந்துச்சு. பக்கத்துல வேட்டித் துணியில சுத்தின அந்த ரவுடி. தலையில கிளிப் பச்சைத் தொப்பி, காலுல கிளிப் பச்சை சாக்ஸு. ஒண்ணு முழங்காலு வரைக்கும் ஏறி இருந்துச்சு, இன்னொண்ணு கணுக்காலோட நின்னுச்சு. "அப்பிடியே எங்கண்ணன் ஸ்வெட்டர் கை மாதிரியே போட்டிருக்க அண்ணி"ன்னு அவ சிரிச்சா. "வந்துட்டாடி உன் வாயாடித்தனத்துக்குப் போட்டி"ன்னு சொல்லிகினே நான் அந்தக் காலைப் புடிச்சேன். என் கட்டைவிரல் அளவு கூட இல்ல. உள்ள விரல் எல்லாம் அசையறது சாக்ஸுக்கு மேலயே தெரிஞ்சுது.

அவளும் அந்தக் காலைத்தான் பாத்துகினு இருந்தா. ரொம்ப நேரம் பாத்தா. சிரிப்பு அப்பிடியே அடங்கிச்சு. நான் பயந்து போய், "இன்னாடி, வலிக்குதா, சிஸ்டரைக் கூப்புடவா?"ன்னேன்.

"அண்ணி, அவனை வெறுங்காலோடயே அனுப்பிட்டோம் இல்ல?"

எவனைன்னு நான் கேக்கல. கையைப் புடிச்சுகினேன்.

"அவனுக்கும் ஒரு ஜோடி போடு அண்ணி."

"போடறேன்டி. போடறேன். இன்னிக்கே ஆரம்பிக்கறேன். இதே அளவுதான?"

"இல்ல. பெருசா போடு. ஸ்கூலு போற காலு அவனுக்கு இப்போ."

எதையாவது கேட்டுக்கினே இருந்தாத்தான் அழாம இருப்பேன்னு, "கலரு இன்னா கலரு போடட்டும்?"னு கேட்டேன்.

"இன்னா அண்ணி இது கூடத் தெரியாதா?"ன்னா. "ஸ்கூலுக்கு வெள்ளை சாக்ஸுதான?"